கீழே இறங்கவும் எரிபொருள் வேண்டும்

2023 மார்ச் 7 மாலை, ‘மேகா-ட்ராபிக்ஸ்’ செயற்கைக்கோளைப் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்துக்குள் இறக்கி அழித்தது இஸ்ரோ. வெப்பமண்டலப் பகுதியின் மேகங்களையும் மழையையும் ஆராய, இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய செயற்கைக்கோள் அது. எடை சுமார் 1,000 கிலோ. 3 ஆண்டுகளுக்கென உருவாக்கப்பட்டு, 2021 வரை தகவல் தந்தது. வேலை முடிந்ததை அப்படியே விட்டுவிட்டால் என்ன?

தானாக விழாதா?

விழும், எப்போது என்பதுதான் கேள்வி. தாழ்வான பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் பறக்கிறது. அந்த வேகம் இருக்கும்வரை, பூமி இழுத்தாலும் தரைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் பல நூறு கி.மீ. உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அதன் தடையால் பாதை சிறிது சிறிதாகத் தாழ்கிறது. சூரியச் சீற்றத்தின்போது மேல் வளிமண்டலம் சூடாகி விரிவதால் இறக்கம் வேகமெடுக்கும். 400 கி.மீ. உயரத்தில் இருப்பது சில ஆண்டுகளில் விழுந்துவிடும். மேகா-ட்ராபிக்ஸ் இருந்ததோ சுமார் 867 கி.மீ. உயரம். விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் அங்கேயே சுற்றியிருக்கும். மற்ற செயற்கைக்கோள்கள்மீது மோதும் அபாயமும் அத்தனை காலம் நீடித்திருக்கும்.

முழுவதும் எரிந்துவிடுமா?

பெரும்பகுதி எரியும். அசுர வேகத்தில் வரும் செயற்கைக்கோளின் முன்னால் காற்று அழுந்திக் கடுமையாகச் சூடேறுகிறது. சுமார் 80 கி.மீ. உயரத்தில் அது உடைந்து சிதறுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டைட்டானியமோ 1,600 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதனால் டைட்டானியத்தில் செய்த எரிபொருள் தொட்டிகள் தரைவரை வந்து சேர்வதுண்டு.

1978 ஜனவரியில், அணு உலை பொருத்திய சோவியத்தின் ‘காஸ்மாஸ் 954’ கட்டுப்பாட்டை இழந்து கனடாவின் வடமேற்கில் சிதறியது. உறைபனிப் பரப்பில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டியதாயிற்று. அதற்காக சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது.

எப்படி இறக்கினார்கள்?

மேகா-ட்ராபிக்ஸ் இப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. தொட்டியில் மீதமிருந்த சுமார் 125 கிலோ எரிபொருள்தான் கைகொடுத்தது. விட்டுவைத்தால், வெடித்துச் சிதறும் ஆபத்துக்கும் அதே எரிபொருள் காரணமாகியிருக்கும். 2022 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகப் பாதையைத் தாழ்த்தினார்கள். கடைசி நாளில் இருமுறை, தலா 20 நிமிடம் உந்திகளை இயக்கி, மனிதர் வாழாத கடற்பகுதியை நோக்கித் திருப்பினார்கள்.

சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை இப்படி இறக்க முடியாது. ஆயுள் முடியும் தறுவாயில் அவற்றைச் சில நூறு கி.மீ. மேலே தள்ளி, மற்றவற்றின் வழியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள்.

2030க்குள் குப்பை விடாத விண்வெளிப் பயணங்களே இந்தியாவின் இலக்கு என்று இஸ்ரோ அறிவித்திருக்கிறது. இது இந்தியாவோடு நிற்கக் கூடாது. செயற்கைக்கோள் ஏவும் ஒவ்வொரு நாடும் நிறுவனமும், அதன் கடைசிப் பயணத்துக்கான எரிபொருளை வடிவமைக்கும் நாளிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.