கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கும் பழைய சாக்குகள்

மல்லி மூட்டை இறக்க லாரி வந்து வாசலில் நிற்கும். கிட்டங்கியைத் திறந்தால் உள்ளே இடம் இருக்காது. என்னவென்று பார்த்தால் சரக்கு பாதிதான். மீதி இடத்தில் காலிச் சாக்கும், உடைந்த தராசும், போன வருடத்து அட்டைப் பெட்டிகளும் கிடக்கும். நம் கடைக் கம்ப்யூட்டரின் நிலையும் இன்று இதுதான். பில் போட உட்கார்ந்தால் இடம் இல்லை என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டுகிறது. நண்பர்கள் பலர் கணக்குதான் பெருத்துவிட்டது என்று நினைத்துப் பழைய வருடக் கணக்குகளை அழிக்கப் பார்க்கிறார்கள்.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் மொத்தக் கடையின் ஒன்பது வருடக் கணக்கு முழுவதும் 2 ஜி.பி.க்குள் அடங்கியிருக்கிறது. இடத்தை அடைப்பது கணக்கு அல்ல. விண்டோஸ் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் பைல்கள்தான் அடைக்கின்றன.

விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி நம் உறுப்பினர்கள் பலர் விண்டோஸ் 11 ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் புகார் எங்கள் காதுக்கு அதிகமாக வருகிறது. நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. ஆனால் ஒரு முறை சூடு பட்டவர்கள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 120 ஜி.பி. என்று சொல்லி விற்ற எஸ்.எஸ்.டி., கம்ப்யூட்டரில் 111 ஜி.பி. என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறார்கள். ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடிச் சொச்சத்தை ஒரு ஜி.பி. என்கிறது. பொருள் ஒன்றுதான், படிக்கல் வேறு. 1956ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு வீசை போய்க் கிலோ வந்த காலத்தில், ஒரே சரக்குக்கு இரண்டு எடை சொல்லி வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட கதையை எங்கள் தந்தையார் சொல்லிச் சிரிப்பார். இதுவும் அப்படித்தான்.

ஆனால் 111 ஜி.பி. என்பது இன்றைக்குக் குறைவான இடம் என்பது உண்மை. விண்டோஸ் 95 முழுவதும் ஐம்பது அறுபது மெகாபைட்டில் அடங்கியது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிஸ்க் குறைந்தது 64 ஜி.பி. இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. மலிவு என்று 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்களில்தான் மூச்சு முட்டுகிறது.

விண்டோஸ் ஓல்டு

இடம் அடைப்பதில் பெரிய மூட்டை இதுதான். புதிய விண்டோஸ் ஏற்றும்போது பழைய விண்டோஸை அது தூக்கி எறிவதில்லை. புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வசதியாக, பழையதை அப்படியே 'விண்டோஸ் ஓல்டு' என்ற பெயரில் ஒரு போல்டரில் கட்டி சி டிரைவிலேயே வைத்துவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் அது 21 ஜி.பி. இருந்தது. பத்து நாள் வரை வைத்திருந்துவிட்டுப் பிறகு விண்டோஸ் தானே அழித்துவிடும் என்பது ஏற்பாடு. சில கம்ப்யூட்டர்களில் அழியாமல் நின்றும் விடுகிறது.

இந்த விண்டோஸ் ஓல்டில்தான் எங்களுக்குச் சூடு பட்டது. 2021 ஜூலை மாதம் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டது. பார்க்க வந்த பையன், டிஸ்க்கை பார்மட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸைப் புதிதாக ஏற்றினான். கணக்கு மென்பொருளையும் மறுபடி போட்டான். திறந்து பார்த்தால் எங்கள் கம்பெனி பெயரே அதில் இல்லை. "அண்ணாச்சி, பழைய டேட்டா போயிருச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். பேக்கப் கேட்டீர்களானால், கடைசியாக எடுத்தது பிப்ரவரி மாதம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையும் நாங்களுமாக மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பதிய ஆரம்பித்தோம். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்தும் ஒரு மாதம்கூட முடியவில்லை. இதற்கிடையில் சி டிரைவ் சிவப்பு காட்டியது. விண்டோஸ் ஓல்டு என்று ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, பழைய குப்பைதானே, அழித்துவிடுங்கள் என்று நாங்களே சொன்னோம். அன்று சாயங்காலம் கரண்ட் போனது. மறுநாள் பார்க்கலாம் என்று கடையை அடைத்தோம்.

மறுநாள், அதாவது எட்டாவது நாள், கல்லூரியில் படிக்கும் கணக்குப்பிள்ளையின் மகள் கடைக்கு வந்திருந்தது. "அப்பா, சி டிரைவ்ல விண்டோஸ் ஓல்டுன்னு ஒரு போல்டர் இருக்கே, அதுக்குள்ள தேடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டது. திறந்து உள்ளே போனால் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் எங்கள் கணக்கு போல்டர், அத்தனையும் அப்படியே இருந்தது. அதை எடுத்து அதன் இடத்தில் வைத்ததும் கம்பெனி பெயர் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால், அல்லது முந்தின நாள் கரண்ட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆகவே விண்டோஸ் ஓல்டை அழிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, கணக்கு மென்பொருளைத் திறந்து, நேற்றுப் போட்ட பில் வரை எல்லாம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு, விண்டோஸ் ஓல்டுக்குள் யூசர்ஸ் போல்டரைத் திறந்து, தேவையானது எதுவும் அங்கே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு போல்டருக்குச் சில மென்பொருள்களில் கடையின் பெயர் இருக்காது. டாலி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கம்பெனி போல்டரின் பெயர் வெறும் 10000 என்பதுபோல ஓர் எண்ணாகத்தான் இருக்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் குப்பை என்றுதான் நினைப்பார்.

எப்படி இறக்குவது

எந்த சிஸ்டம் பைலையும் கையால் தேடிப்போய் டெலிட் அழுத்தாதீர்கள். விண்டோஸிலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'டிஸ்க் கிளீனப்' என்று தேடினால் வரும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கும் பழைய ஆசாமி அது. சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, அதில் 'கிளீனப் சிஸ்டம் பைல்ஸ்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். இதை அழுத்தாமல் விடுவதால்தான் பலருக்கு நூறு இருநூறு மெகாபைட் மட்டும் கிடைக்கிறது. அழுத்திய பிறகு வரும் பட்டியலில் முந்தைய விண்டோஸ், விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் பைல்ஸ் ஆகிய மூன்றும்தான் கனமானவை. மற்றவை சில்லறை. அப்டேட் கிளீனப் முடிய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நின்றுவிட்டது என்று நினைத்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று போனாலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அது விண்டோஸ் சேர்த்த குப்பை அல்ல, நாம் இறக்கி வைத்த பைல்கள். நம் கடைகளில் சப்ளையர் மெயிலில் அனுப்பிய பில், இ-வே பில், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு, ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டார். பிறகு ஒவ்வொரு சப்ளையருக்கும் போன் போட்டு, பில்லை மறுபடி அனுப்பச் சொல்லி இரண்டு வாரம் அலைந்தார். கொள்முதல் பில் கையில் இல்லாமல் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அடுத்தது ஹைபர்னேட் பைல். கம்ப்யூட்டரை அணைக்காமல் உறங்க வைத்தால், ரேமில் இருப்பதை எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா, அதற்காக முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும் இடம் இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சாதாரணமாக ரேமில் நூற்றுக்கு நாற்பது பங்கு. 8 ஜி.பி. ரேம் இருந்தால் 3.2 ஜி.பி. போய்விடுகிறது. தினமும் இரவு கடை அடைக்கும்போது ஷட் டவுன் செய்பவர்களுக்கு இது அவ்வளவு தேவை இல்லை. கம்ப்யூட்டர் பார்ப்பவரிடம் ஹைபர்னேட்டை ஆஃப் செய்யுங்கள் என்று சொன்னால் ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிடுவார், பைலும் போய்விடும். காலையில் கம்ப்யூட்டர் திறக்கச் சில விநாடி கூடுதலாகும். எஸ்.எஸ்.டி. இருந்தால் அது தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் தெரியும், அவர்கள் விட்டுவிடலாம்.

பேஜ் பைல் என்று இன்னொன்று உண்டு. ரேம் போதாதபோது டிஸ்க்கிலிருந்து வாங்கும் கைமாற்று அது. அதில் கை வைக்க வேண்டாம். சிஸ்டம் ரெஸ்டோர் வைத்திருக்கும் இடத்தை சிஸ்டம் புரொடெக்‌ஷன் என்ற பக்கத்தில் குறைத்துக்கொள்ளலாம். முழுவதும் நிறுத்துவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

விண்டோஸ் போல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒரு போல்டர் பத்து ஜி.பி. காட்டும். பலர் இதைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். உண்மையில் அது அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. ஒரே மூட்டையைக் கிட்டங்கி இருப்பிலும் கடை இருப்பிலும் இரண்டு முறை எழுதினால் எப்படியோ, அப்படி ஒரே பைல் இரண்டு இடத்தில் பெயர் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதைக் கையால் அழித்தால் கம்ப்யூட்டர் திறக்காமலே போகலாம். அதற்கான சுத்தம் மேலே சொன்ன அப்டேட் கிளீனப்பிலேயே நடந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கிளீனர் மென்பொருள்களை நாங்கள் கடைக்குள் விடுவதே இல்லை. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்கிறார்கள். அதில் டிஸ்க்குக்குச் சொல்லிக்கொள்ளும்படி இடம் எதுவும் மிச்சமாவதில்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் போன நவம்பரில் மீதி இருந்த இடம் 3 ஜி.பி. விண்டோஸ் ஓல்டு 21, அப்டேட் பைல்கள் 5, டெலிவரி ஆப்டிமைசேஷன் 1, ஹைபர்னேட் 3 என்று இறக்கிய பிறகு 33 ஆனது. ஒரு ரூபாய் செலவு இல்லை.

இவ்வளவுக்கும் முன்னால் பேக்கப். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, வருடாந்திர ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் வருடக் கணக்குக்கு அந்தத் தேதி 31-12-2024. அப்படியானால் 2030 டிசம்பர் முடியும் வரை அது நம்மிடம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதியும் சொல்கிறது. டி டிரைவில் நகல் இருக்கிறதே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். பெரும்பாலான கடைகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான். லாரி கவிழ்ந்தால் முன்னால் ஏற்றிய மூட்டையும் பின்னால் ஏற்றிய மூட்டையும் சேர்ந்துதான் கொட்டும். நாங்கள் இரண்டு பென் டிரைவ் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை தோறும் ஒன்று மாற்றி ஒன்றில் எடுத்து, அன்றைக்கு எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம்.

இந்தச் சுத்தம் செய்யும் வேலையை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரிட்டர்ன் போடும் வாரத்திலும் வேண்டாம். ஆடியில் வியாபாரம் சற்று மந்தமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு, கணக்குப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும்.