லயத்து வாயிலில் கரம் பலகை

விளையாட்டு என்றதும் பரந்த வெளியையே நாம் நினைக்கிறோம். மலைநாட்டிலோ சமநிலம் அருமை. நமுனுகுல மலைச்சாரலை அடுத்த ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களில் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. எஞ்சியவை சரிவும் பள்ளமுமே. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழையைக் கொண்டுவந்து கொட்டும். இத்தகைய நாட்டில், கூரையின்கீழ் ஆடும் ஆட்டமொன்று வேரூன்றியதில் வியப்பென்ன? அதுவே கரம்.

தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் சடுகுடுவையும் சிலம்பத்தையும் காமன் கூத்தையும் உடன் கொணர்ந்தனர். அவற்றுக்கு முற்றம் வேண்டும். பின்வந்த கரத்துக்கோ 74 சென்ரிமீற்றர் சதுரப் பரப்பே ஆடுகளம். 10 அடிக்கு 12 அடியான லயத்து அறையிலும் நால்வர் சுற்றியமர்ந்து ஆடலாம். 'கரம்' என்னுஞ் சொல் நம் மொழியில் கையைக் குறிக்கும். இப்பெயரொற்றுமை தற்செயலே எனினும், விரல் நுட்பத்தையே முதலாகக் கொண்ட ஆட்டத்துக்கு அது நன்கு பொருந்துகிறது.

பெற்றோர் சிலர் கரத்தைச் சூதோடு சேர்த்து வெறுப்பர். வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து அதனைக் கடிந்தது உண்மையே. ஆனால் கரத்தில் பகடையில்லை; பணயம் வைப்பவனே அதனைச் சூதாக்குகிறான். வெள்ளைக் காய்கள் 9, கறுப்புக் காய்கள் 9, சிவப்பு அரசி 1. அரசியை வீழ்த்தியவன் தொடர்ந்து தன் காயொன்றையும் வீழ்த்துதல் வேண்டும். தவறின் அரசி மீண்டும் நடுவுக்கே வந்துவிடும். அடிகாயைச் சுண்டலாம், தள்ளலாகாது. ஆடும்போது இருக்கையை விட்டு எழலாகாது. பொறுமையும் அடக்கமும் பயில இதனினும் எளிய பள்ளி ஏது?

இவ்வாட்டத்தின் வளர்ச்சியையும் நோக்குவோம். 1988ஆம் ஆண்டு சென்னையில் சர்வதேச கரம் சம்மேளனம் தோன்றிற்று. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இல் உலக வீரரானார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ வாகை சூடினார். 2018இல் தென்கொரியாவே உலகக் கிண்ணப் போட்டியை நடத்தியது. 2024இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா 3 தங்கப் பதக்கங்களை வென்றார்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நம் தோட்டங்களைப் பார்க்கின் மனம் வருந்துகிறது. கடை வாயிலிலும் கோயில் மண்டபத்திலும் பையன்கள் கரம் ஆடுவதை நான் கண்டதுண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி, ஒவ்வொரு கணக்கு. ஆட்டம் பரவியது, முறை பரவவில்லை. பெண்பிள்ளைகளுக்கோ பலகையருகே இடமேயில்லை. கொழுந்து மலையிலிருந்து தாய் திரும்பும்வரை அவர்கள் தண்ணீர் சுமப்பர்; தம்பி தங்கையரைக் காப்பர். அவர்களுள்ளும் ஒரு காசிமா இருக்கலாம். அதனை நாம் அறிவதெப்படி?

மைதானம் இல்லையென்று பாடசாலைகள் கூறும் காரணம் கரத்துக்குப் பொருந்தாது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, தமிழில் எழுதிய விதித்தாள் ஒன்று, வாரத்தில் ஒரு மணி நேரம், அதிற் பாதி பெண்பிள்ளைகளுக்கு: இவ்வளவே வேண்டுவது. வீடு திரும்பியபின் வேலை காத்திருக்கும் பிள்ளைக்குப் பாடசாலை நேரமே விளையாட்டு நேரம். ஆசிரிய நண்பர்கள் இதனை மனங்கொள்வாராக.