சிவப்புப் புளிச்சை: பூவை உலர்த்தலும் பானம் செய்தலும்

நகரக் கடைகளில் "செம்பருத்தித் தேநீர்" என்ற பெயரால் கருஞ்சிவப்பான உலர்ந்த சரக்கு ஒன்று விற்கப்படுகிறது. அதை வாங்குவோரில் பலர், வீட்டு வேலியோரம் பூக்கும் செம்பருத்தியின் இதழே அது என்று எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது செம்பருத்தி அன்று. புளிச்சைக் கீரை வகையைச் சேர்ந்ததும், ஆங்கிலத்தில் ரோஸெல் எனப்படுவதுமான சிவப்புப் புளிச்சையின் புல்லியே அது. இதழ் உதிர்ந்த பின்னர், இளங்காயைச் சுற்றிச் சதைப்பற்றாய் வளர்ந்து நிற்கும் சிவந்த உறையைப் புல்லி என்பர். செம்பருத்தி இதழில் புளிப்பு இல்லை. புளிச்சைப் புல்லியிலோ புளிப்பு மிகுதி. இவ்வேற்றுமையை அறியாமல் ஒன்றுக்குச் சொன்ன செய்முறையை மற்றதற்குக் கையாண்டால், பானம் சுவைப்படாது.

இப்புல்லியைப் பானமாக்கும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. சூடானிலும் எகிப்திலும் இதனைக் கர்க்கதே என்பர். செனிகாலில் பிஸாப் என்பர். மெக்ஸிகோவில் ஹமைக்கா என்பர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் 1892-ஆம் ஆண்டிலேயே இதனைக் கொண்டு ஜாம் செய்யும் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. நம் நாட்டில் ஆந்திரர் இதே செடியின் இலையைக் கோங்கூரா என்று துவையலுக்கும் ஊறுகாய்க்கும் விரும்பிக் கொள்ளுகின்றனர். தாமிரபரணிப் பாசனப் பகுதியின் குடியானவர்களுக்கும் இது வீட்டு உபயோகத்திற்கு ஏற்ற பயிரே. ஆனால் இங்கே ஒரு தடை உண்டு. அதனைத் தெரிந்துகொண்டு தொடங்குதல் வேண்டும்.

பருவமும் மழையும்

இச்செடி பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் இயல்புடையது. ஆனியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும், ஐப்பசியை ஒட்டியே பூக்கத் தொடங்கும். முன்னதாக விதைப்பதால் செடி பெரிதாகுமேயன்றி, பறிக்கும் காலம் அதிகம் முந்தாது. பூத்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் புல்லி பறிக்கும் பக்குவம் அடையும். ஆகவே முதற் பறிப்பு கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து சேருகிறது. மார்கழி பிறந்தும் வானத்தை நம்புவதற்கில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாகியதும், தாமிரபரணி இருகரையும் புரண்டு ஓடியதும் யாவரும் அறிந்ததே.

ஈரக்காற்றில் உலர்த்தப்படும் புல்லி இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தட்டித் துடைத்து உபயோகிப்பது ஆபத்து. சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு, கொதிக்க வைப்பதாலும் நீங்குவதில்லை. ஆகையால் இவ்வட்டாரத்தில் பின்பற்ற வேண்டிய முறை யாதெனில், கார்த்திகை, மார்கழிப் பறிப்புகளைப் பச்சையாகவே துவையலுக்கும் ஜாமுக்கும் செலவிட்டு, மழை ஓய்ந்து வெயில் தெளியும் தைமாதப் பறிப்பை மட்டும் உலர்த்தி வைப்பதேயாம். அச்சமயம் பிசான நடவு முடிந்து அறுப்புக்கு முன்னாலுள்ள இடைவெளியாதலால், வீட்டிலுள்ளோர் பறிப்பதற்கும் ஒழிவு இருக்கும்.

பயிரிடுதல்

வேர் நீரில் நிற்பதை இச்செடி பொறுக்காது. ஆகவே நெல் வயலுக்குள் இதனை இடலாகாது. மேட்டு வரப்பு, கிணற்றுத் தோட்டத்தின் ஓரம், கொல்லை ஆகியவை தகுந்த இடங்கள். குழிக்கு இரண்டு மூன்று விதை வீதம் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்த பின் திடமான நாற்று ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் களைந்து விடுக. செடிக்குச் செடி மூன்று அடிக்குக் குறையாமல் இடம் விடுதல் நலம். விதை வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாருக்காகப் பயிராகும் மேஸ்தா என்ற நெட்டை வகையும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் புல்லியில் சதைப்பற்று இராது. சதைப்பற்றுள்ள சிவந்த வகையின் விதைதானா என்று கேட்டே வாங்குக.

பறித்தலும் உலர்த்தலும்

புல்லி ஒடித்தால் நொறுங்கும் இளம் பருவத்திலேயே பறித்துவிடுதல் வேண்டும். முற்றினால் நார் பாயும். காலை வேளையில் காம்பு எளிதில் ஒடியும்; மாலையில் கடினப்படும். பறிக்கப் பறிக்கச் செடி மேலும் காய்க்கும். முனை கூராக்கிய சிறு குழாய் ஒன்றைக் காம்புப் பக்கம் வைத்து அழுத்தினால், நடுவிலுள்ள விதைக்காய் தனியே வெளிப்பட்டு விடும்.

புல்லியை நல்ல நீரில் அலசி, நீரை வடித்து, கயிற்றுக் கட்டிலின் மேல் விரித்த வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்புக. மேலே மெல்லிய துணி ஒன்றைப் போர்த்துதல் அவசியம். சிவப்பு நிறத்தைத் தரும் சத்து நேர் வெயிலிலும் மிகுந்த சூட்டிலும் கெடும் தன்மையது. மெல்லிய துணி அதனைக் காக்கும். ஈயும் தூசியும் அண்டா. கட்டிலின் அடியில் காற்று செல்லுவதால் இருபுறமும் ஒருங்கே உலரும். மாலையில் வீட்டிற்குள் எடுத்து வைத்து, மறுநாள் பனி நீங்கிய பின் மீண்டும் பரப்புக. நல்ல வெயிலில் நான்கைந்து நாள் போதும். வளைத்தால் வளையாமல் ஒடியுமானால் பக்குவம் சரி. பச்சைப் புல்லியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். சூடு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்க்கையில் ஈரம் தட்டினால், மறுபடியும் உலர்த்துக.

பானங்கள்

*குளிர்ந்த பானகம்:* உலர்ந்த புல்லி 10 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுக. சர்க்கரையும் ஏலப்பொடியும் வேண்டுமளவு சேர்க்க. ஸ்ரீராம நவமிப் பானகத்தில் புளிப்புக்காகச் சேர்க்கும் பொருளுக்குப் பதிலாகவும் இந்நீரைக் கொள்ளலாம். கருப்பட்டி சேர்த்தால் சுவை கூடும், நிறமோ கறுக்கும். விருந்தினருக்குச் செந்நிறமாய்க் கொடுக்க வேண்டுமானால், வெள்ளைச் சர்க்கரையோ கற்கண்டோ சேர்க்க.

*சுக்கு நீர்:* மழைக் காலத்திற்கு ஏற்றது. இரண்டு குவளை நீரில் தட்டிய சுக்கும் நாலைந்து மிளகும் இட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும் தறுவாயில் ஒரு சிட்டிகை உலர்ந்த புல்லி சேர்த்து மூடுக. பத்து நிமிஷம் கழித்து வடித்து, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்துப் பருகலாம். இதில் பால் ஊற்றலாகாது. புளிப்பினால் பால் திரிந்துபோம்.

*சர்பத்து:* புல்லி 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து வடித்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகு பதமாகக் காய்ச்சி, ஆறியபின் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் நிரப்புக. வேண்டும்போது ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு நீர் கலந்து கொள்ளலாம்.

சமையல்

உலர்ந்த புல்லி 20 கிராமை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுத்து நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம் பருப்பு, மிளகாய் வற்றல், பூண்டு, பெருங்காயம், உப்பு கூட்டி அரைத்தால் துவையலாகும். ஊறிய நீரை வீணாக்காமல் புளித் தண்ணீருக்குப் பதிலாக ரசத்தில் விடலாம். பச்சைப் புல்லியில் ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் சத்து இயற்கையாகவே இருப்பதால், சம எடை சர்க்கரையுடன் காய்ச்சினால் வேறொன்றும் சேர்க்காமலே இறுகும்.

பாத்திரம் மண், கண்ணாடி, எவர்சில்வர் ஆகிய இவற்றில் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் அலுமினியமும் இரும்பும் புளிப்பினால் அரிக்கப்படும். சில கிணறுகளின் காரத்தன்மையுள்ள நீரில் சிவப்பு மாறி நீலம் பாரிக்கும்; அங்கு ஆற்று நீர் அல்லது பிடித்து வைத்த மழை நீர் நல்லது.

செம்பருத்தி இதழை உபயோகிக்க விரும்புவோர், மருந்து தெளிக்காத ஒற்றையடுக்குச் சிவப்புப் பூவின் இதழை மட்டும் நிழலில் உலர்த்துக. வெந்நீரில் அது மங்கிய ஊதா நிறம் தரும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டதும் சிவக்கும். புளிப்பையும் எலுமிச்சையே தரல் வேண்டும்.

எச்சரிக்கை

அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்றில், இரத்த அழுத்தம் சற்று மிகுந்த 65 பேர் பங்குகொண்டனர். புளிச்சைப் புல்லி நீரை நாளொன்றுக்கு மூன்று குவளை வீதம் ஆறு வாரம் பருகியவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 அளவு குறைந்தது. வேறு பானம் பருகியவர்களுக்கு 1 அளவே குறைந்தது. இது சிறு சோதனையே. இதை நம்பி மருந்தை நிறுத்துதல் தகாது. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர், இப்பானத்தையும் நாள்தோறும் பருகினால் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே பருகுதல் வேண்டும். கர்ப்பிணிகள் இரு பூக்களின் பானத்தையும் தவிர்ப்பது நன்று. நீரிழிவு உள்ளோர்க்குக் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது.

விற்பனைக்கு வழி நிச்சயப்படாமல் ஏக்கர்க் கணக்கில் இதனைப் பயிரிடுவது உசிதமன்று. வரப்பில் பத்துச் செடி வைத்து, தைவெயிலில் உலர்த்திப் பழகிய குடும்பத்திற்குச் சித்திரைக் கோடையில் குடிக்கப் பானமும், புளி விலை ஏறுங்காலத்தில் ரசத்திற்குப் புளிப்பும் கைப்பொருள் செலவின்றிக் கிடைக்கும். மீந்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர், மழைநாளில் உலர்த்திய சரக்கைத் தைச்சரக்குடன் கலவாதிருக்கக் கடவர். பூஞ்சை பிடித்த ஒரு பிடி, மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும்.