கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் வழி

கண்டி மாநகரைக் காண வருவோர் தலதா மாளிகையைத் தரிசிப்பர், வாவிக்கரையில் உலவுவர், பேராதனைப் பூந்தோட்டத்திற்கும் சென்று மீள்வர். நகரத்தின் மற்றொரு பெரிய நிலையமாகிய வைத்தியசாலையைக் காண எவரும் விரும்பிச் செல்வதில்லை. நோய் வந்தாலன்றி அதன் வாயிலை மிதிப்பாரில்லை. எனினும் மாளிகை வாசலிலிருந்து அவ்வைத்தியசாலை வரை கால்நடையாகச் செல்லும் ஒருவர், இரு நூற்றாண்டு வரலாற்றை வழியிலேயே கண்டுவிடலாம்.

நடையைப் பழைய அரண்மனையில் தொடங்குவதே முறை. கண்டியரசர் காலத்தில் அரண்மனை மருந்துச்சாலை 'பெகெத்கே' எனப்பட்டது. அதற்கென ஒரு முகாந்திரம் அதிகாரியாக இருந்தார். வைத்தியம் குடிவழித் தொழிலாய் நிலவிய காலம் அது. பாம்புக்கடிக்கு ஒரு குடும்பம், முறிவுக்கு ஒரு குடும்பம், கண்ணோய்க்கு ஒரு குடும்பம் என வெதராளாமார் வேறு வேறாக இருந்தனர்.

இவ்வரண்மனைப் பகுதியிலே 1803ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய வைத்தியசாலையும் இருந்தது. அதன் கதை துயரமானது. அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்தபோது, நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் மலைகளுக்குள் ஒதுங்கிவிட்டான். வந்தவர்கள் நாயக்கர் குலத்து முத்துசாமி என்பவரை அரியணையில் இருத்தி, தாம் வென்றுவிட்டதாகக் கருதினர். ஆனால் வென்றது காய்ச்சல்தான். மழையும் நுளம்பும் உணவுக் குறைவும் சேர்ந்து, சில மாதங்களில் படையைப் படுக்கையில் வீழ்த்திவிட்டன. ஜூன் மாதம் 24ஆம் நாள் கண்டிப் படை தாக்கியபோது, நின்று போரிடக்கூடிய ஐரோப்பியச் சிப்பாய்கள் மிகச் சிலரே. நூற்றுக்கு மேற்பட்டோர் எழுந்திருக்க இயலாத நோயாளிகள். தளபதி மேஜர் டேவி சரணடைந்து, நோயாளிகளை அங்கேயே விட்டு, எஞ்சியவர்களுடன் வெளியேறினார். வத்தப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது, கடக்க வழியில்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி அரசன் ஆள் அனுப்பினான். டேவி ஒப்படைத்தார், முத்துசாமியின் தலை துணிக்கப்பட்டது. பின்னர் டேவியின் படையும் அழிந்தது.

வைத்தியசாலையில் விடப்பட்டோரும் தப்பவில்லை. படுக்கையில் கிடந்தவர்களைக் கொல்வது எந்தப் போர்முறைக்கும் அடுக்காது. அவர்களைக் கைவிட்டுப் போனவர்க்கும் அதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. அவர்களுள் தேயோன் என்னும் பீரங்கிப்படை சார்ஜன்ட் ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். பிணங்களோடு பிணமாக எறியப்பட்டு, பின் இருமுறை தூக்கிலிடப்பட்டும் இருமுறையும் கயிறு அறுந்ததாக வரலாறு கூறுகிறது. அரசன் அவரை உயிரோடு விட்டுவிட்டான். 1815இல் கண்டி வீழ்ந்தபோது, முஸ்லிம் பெண் ஒருத்தியை மணந்து நகரில் வாழ்ந்துகொண்டிருந்த அவரை ஆங்கிலேயர் கண்டனர்.

மாளிகைக்கு அப்பால், நூதனசாலையின் பின்புறத்தே ஒரு மேட்டில், பழைய படைவீரர் மயானம் இருக்கிறது. நடைபாதையில் இங்கே சற்று நிற்றல் வேண்டும். கல்லறைகளைப் படித்துச் செல்வோர் வயதுகளைக் கூர்ந்து நோக்கினால், முப்பது வயதைத் தாண்டாதோர் பலர் எனக் காண்பர். 1856இல் யானையால் மிதியுண்டு இறந்த ஒருவரின் கல்லறையைத்தான் வழிகாட்டிகள் ஆவலோடு காட்டுவர். ஆனால் யானை கொன்றவர் மிகச் சிலர். நுளம்பும் கெட்ட நீரும் கொன்றவரே மிகப் பலர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலும் சிப்பாய்கள் போர்க்களத்திலும் பார்க்கக் காய்ச்சலாலேயே மிகுதியாக மாண்டனர். அக்காலத்தில் இங்கு பணிபுரிந்த படை வைத்தியர் ஹென்றி மார்ஷல், மலைநாட்டின் நிலத்தையும் நோயையும் இணைத்து 1821இல் நூலொன்று வெளியிட்டார். அவருடைய சமகாலத்தவரான ஜோன் டேவி இந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சை ஆராய்ந்தவர்.

கல்லறை எழுப்பப் பெற்றவர்களின் பெயராவது எஞ்சியது. பெயரே எஞ்சாதவர்கள் வேறொரு கூட்டத்தார். கோப்பிப் பயிர் பெருகிய 1840ஆம் ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்ட கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடு கடந்து கண்டிக்கு நடந்தனர். நூற்றைம்பது மைல் அளவான வழி. வாந்திபேதியும் அம்மையும் வயிற்றோட்டமும் உடன் நடந்தன. விழுந்தவர்களை வழியோரத்தில் விட்டுவிட்டு ஏனையோர் மேலே சென்றனர். மாண்டவர் தொகையைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே ஒத்த கருத்து இல்லை. எண்ணி வைப்பார் இல்லாத சாவுகள் அவை. தொழிலாளரின் மருத்துவத் தேவை குறித்துச் சட்டம் பிறந்தது 1872ஆம் ஆண்டிலேதான். கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் 1869இல் காணப்பட்டவுடனே அறிஞர் ஆராயப் புகுந்தனர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மயானத்திலிருந்து நகரூடாக இறங்கி, போகம்பரைப் பக்கம் நடந்தால், வில்லியம் கொபல்லாவை மாவத்தையில் இன்றைய தேசிய வைத்தியசாலை தோன்றும். நகரத்தாருக்கு அது இன்றும் 'பெரியாஸ்பத்திரி' தான். அதன் வரலாற்றில் 1934ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு மழை பொய்த்தது. வேகமாக ஓடும் ஆற்றில் நுளம்பு முட்டையிடுவதில்லை. ஆறு வற்றிப் பாறைக் குழிகளில் நீர் தேங்கவே, மலேரியா நுளம்பு பெருகியது. அந்நோய்க்குப் பழக்கமில்லாத ஈரவலய மக்கள் ஊரூராகச் சாய்ந்தனர். ஏழெட்டு மாதங்களில் நாடு முழுவதும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். 1946இல் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின் நோய் தணிந்தது. இடையில் மீண்டும் தலைதூக்கி, இறுதியில் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1803இல் கண்டியில் ஒரு படையை வீழ்த்திய பகை அது.

1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கியபின், இவ்வைத்தியசாலை மாணவர் பயிலும் இடமுமாயிற்று. அப்பீடத்தின் தலைவராய் விளங்கிய பேராசிரியர் சேனக்க பிபிலே, கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். வணிகப் பெயர் தாங்கிய விலையுயர்ந்த மருந்துக்குப் பதிலாக, அதே மருந்தை அதன் இயற்பெயரால் மலிவாகப் பெறலாம் என்பதே அவர் கொள்கை. 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சிகிச்சை நடைபெற்றதும் கண்டி வைத்தியசாலையிலேதான்.

தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்த் தாய்மார் இன்றும் துண்டுச் சீட்டைக் கையிற் பற்றியபடி, தம் மொழி அறிந்த தாதி ஒருவரைத் தேடுகின்றனர். அவர்கள் அருகே வடமத்திய மாகாணத்து விவசாயிகள் சிறுநீரக நோய்க்காகக் காத்திருக்கின்றனர். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இன்றி, வயலில் உழைப்போரைப் பற்றும் இந்நோய் 1990ஆம் ஆண்டுகளிலே கவனிக்கப்பட்டது. தண்ணீர், வெப்பம், வேளாண் இரசாயனம் எனப் பல காரணங்கள் கூறப்படினும், ஒன்றும் ஐயமற நிறுவப்படவில்லை. அவர்களுள் மதவாச்சியிலிருந்து வருவோர் பலர். ஒன்பதாம் நூற்றாண்டில் கல்லால் அமைத்த மருந்துத் தொட்டி இன்றும் கிடக்கும் மிகிந்தலையையும், தம்புள்ளையையும், மாத்தளையையும் கடந்து, முன்பு கூலிகள் நடந்த அதே தெருவால் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குகின்றனர்.