தி.நகரிலிருந்து ஒருநாள் ட்ரிப்... 15 லட்சம் ஆண்டுகள் பின்னோக்கி!

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் 'ஸ்கரா பிரே' என்ற கற்கால ஊர் இருக்கிறது. கல் கட்டில், கல் அலமாரியுடன்கூடிய வீடுகள். வயது சுமார் 5,000. அதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து அந்தத் தீவுக்குப் போகிறார்கள். நமக்கு விமானம் தேவையில்லை. அதைவிடப் பல மடங்கு பழைமையான மனிதத் தடம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி அருகே கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரின் பெயர், அத்திரம்பாக்கம்.

பல்லாவரத்தில் தொடங்கிய கதை

1863 மே மாதம், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதர் செதுக்கிய கருவி. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சில ஸ்டேஷன்களில் வந்துவிடும் அதே பல்லாவரம்தான்! அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள்.

1999-லிருந்து அங்கே சாந்தி பப்பு தலைமையிலான குழு அகழாய்வு செய்தது. கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011-ல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது.

கல்லுக்கு எப்படி வயது பார்த்தார்கள்?

தரைக்கு மேலே கிடக்கும் கல்லில், விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம், பெரிலியத்தின் அபூர்வ வகைகள் உருவாகும். கல் ஆழமாகப் புதைந்ததும் அது நின்றுவிடும். ஏற்கெனவே உருவானவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சத்தை அளந்தால், எப்போது புதைந்தது என்று தெரியும்.

ஆக, கல் மட்டும் போதாது. அது எந்த மண் அடுக்கில், எந்த ஆழத்தில் இருந்தது என்பதும் வேண்டும். ஷோகேஸில் வைக்கலாம் என்று நாம் எடுத்துவந்தால், அந்த நொடியே அதன் முகவரி தொலைந்துவிடும். அங்கே ஸ்கரா பிரேபோல சுவரோ வீடோ கிடையாது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முக்கியச் சாட்சி அந்தக் கற்கள்தான்.

என்ன பார்க்கலாம்?

முதலில் பூண்டியில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். கைக்கோடரி எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும். அருகிலேயே பூண்டி ஏரி.

அடுத்து, குடியம் குகைகள். கிராமத்திலிருந்து புதர்க்காட்டு வழியே நடக்க வேண்டும். குகைச் சுவரைக் கவனியுங்கள். பாறையெங்கும் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கருவி செய்ய ஆதிமனிதருக்குக் கிடைத்த கச்சாப்பொருள் இதுபோன்ற கற்கள்தான்.

எப்படிப் போவது?

மாம்பலத்திலிருந்து பார்க் ஸ்டேஷன். சாலையைக் கடந்து சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தில் திருவள்ளூர் ரயில். அங்கிருந்து பூண்டிக்கு பஸ் அல்லது ஆட்டோ. குடியத்தில் காட்டுக்குள் செல்லும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் துணை அவசியம். தண்ணீர், தொப்பி, ஷூ மறக்க வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள்.

அவ்வளவு தூரம் நடக்க முடியாத தாத்தா, பாட்டிகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபூட் சேகரித்த கருவிகள் 1904-ல் அங்கே வந்து சேர்ந்தன.

குழந்தைகளிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: போட்டோ எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், கல்லை மட்டும் எடுக்கக் கூடாது!