வீட்டுக் கராஜில் வெல்டிங் வேலையா?

காத்தான்குடியில் என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மா ஒருநாள் கேட்டார்: "மௌலவி, இவர் கராஜில் கேட் ஒட்டத் தொடங்கினால் வீட்டு லைட் மங்குது, பிளக் கையைச் சுடுது. மெசின்ல பிழையா?"

பிழை மெசினில் இல்லை. சகோதரிகளே, கணக்கைப் பாருங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சதுரப் பிளக் தாங்குவது 13 அம்பியர். அதாவது சுமார் 3,000 வாட். இரண்டரை மில்லிமீற்றர் குச்சியை 80 அம்பியரில் ஒட்டினாலே, சிறிய இன்வெர்ட்டர் பிளான்ட்டும் வீட்டு வயரிலிருந்து ஏறத்தாழ அந்த அளவை இழுத்துவிடும். தடித்த குச்சிக்கு 20 அம்பியரும் போதாது. பழைய கொயில் பிளான்ட் இன்னும் அதிகம் கேட்கும். சுருட்டி வைத்த நீட்டு வயரில் சூடு வெளியேற வழியில்லை, உருகித் தீப்பிடிக்கும்.

ஆகவே மெயின் போர்ட்டிலிருந்து கராஜுக்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். சிறு வேலைக்கு 20 அம்பியர் பிரேக்கரும் 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் போதும். வாவிக்கரையில் நமது நிலம் மணல். காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. ஈரம் தொடும் ஆழத்துக்குக் கம்பியை இறக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றிவிடாதீர்கள். பிள்ளைகளின் உயிருக்குக் காவல் அதுதான்.

தினமும் செய்யும் தொழிலென்றால் மின் விநியோக நிறுவனத்தில் விண்ணப்பித்து மூன்று ஃபேஸ் இணைப்பும் தொழிலுக்குரிய கட்டண வகையும் பெறுவதே முறை. நம் வெல்டிங்கால் அயல்வீட்டு லைட்டும் மங்கலாம்; அயலாரின் ஹக்கையும் நினைக்க வேண்டும்.

அந்த வீட்டில் இப்போது தனி வயர் ஓடுகிறது. உழைப்பு ஹலாலாயிருந்தால் மட்டும் போதாது. வீட்டாரின் உயிரும் நம்மிடமுள்ள அமானிதம்.