கோடு கோடாகவே இருக்கட்டும்

டொனால்ட் குனூத் 1970களின் கடைசியில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தந்தபோது கணிதச் சமன்பாடுகளுக்கு விடிவு பிறந்தது. படத்துக்கு அந்த விடிவு வெகுநாள் வரவில்லை. பக்கத்தில் படத்துக்கு உரிய இடத்தை வெற்றிடமாக விட்டுவிடுவார்கள். டிரேசிங் தாளில் மையால் வரைந்ததைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்தால் பக்கம் தயார்.

டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லாடெக்கில் படம் வரையவும் கட்டளைகள் இருந்தன. ஆனால் ஓர் எழுத்துருவில் இருக்கும் துண்டுகளைக் கோத்துத்தான் சாய்கோடு உருவாகும். அதனால் சாய்வை -6 முதல் 6 வரையுள்ள முழு எண்களால் மட்டுமே சொல்ல முடியும். அம்புக்குறி என்றால் -4 முதல் 4 வரை. வட்டத்தின் விட்டம் 40 புள்ளியைத் தாண்டாது, அதாவது சுமார் 14 மில்லிமீட்டர். அந்த அளவுகளுக்குள் அடங்கும்படி படத்தையே மாற்றி வரைந்தவர்கள் உண்டு.

1984இல் பக்கத்தை விவரிக்கும் மொழியான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. அதன் வழியே இபிஎஸ் படங்கள் வந்தன. இபிஎஸ் கோப்பில் பௌண்டிங்பாக்ஸ் என்றொரு வரி இருக்கும். அதில் நான்கு எண்கள்: இடது கீழ் மூலைக்கு இரண்டு, வலது மேல் மூலைக்கு இரண்டு, அங்குலத்துக்கு 72 என்ற கணக்கில். டெக் படத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த எண்களைப் படித்து இடம் ஒதுக்குவதோடு அதன் வேலை முடிந்தது. படத்தைக் கொண்டுவந்து வைப்பது பின்னால் ஓடும் வேறொரு நிரல். எண் பிசகினால் படம் பத்தியின் மேல் ஏறி நிற்கும். கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைக் கையால் திருத்துவது அன்று எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

பிறகு வியட்நாமைச் சேர்ந்த ஹான் தே தான் என்பவர் உருவாக்கிய பிடிஎஃப்டெக், நேரே பிடிஎஃப் தந்தது. அதற்குள் இபிஎஸ் நுழையாது. முதலில் மாற்றியாக வேண்டும். டெக் லைவ் என்ற தொகுப்பின் 2010 பதிப்பு முதல் அந்த மாற்றம் தானாகவே நடக்கிறது. 2001இல் தரமாக்கப்பட்ட எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவத்தை லாடெக் இன்றும் நேரடியாக ஏற்பதில்லை. இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள் ஒன்று இடையில் நின்று மாற்றித் தருகிறது. புதிதாக வந்த டைப்ஸ்ட் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் அதை ஒரே வரியில் ஏற்றுக்கொள்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் பெரிய ஆறுதல், படத்துக்குள் வரும் எழுத்து. ‘கோணம்’ என்று குறிக்க வேண்டுமானால் இரட்டைக்கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் சரியாக நிற்க வேண்டும். பழைய எழுத்துரு கோப்போடு வராவிட்டால் அச்சில் குப்பைதான் மிஞ்சும். இன்று இங்க்ஸ்கேப் எழுத்தைத் தனியே பிரித்துக் கொடுக்கும். யூனிகோட் அறிந்த ஸீலாடெக் அதை நூலின் எழுத்துருவிலேயே கோத்துவிடும்.

இவ்வளவு வசதி வந்தபின்பும் என் கைக்கு வரும் ஆய்வேடுகளில் வரைபடங்கள் ஸ்க்ரீன்ஷாட்டாகவே வருகின்றன. 400 சதவீதம் பெரிதாக்கினால் அச்சின் எண்கள் கலங்கிவிடுகின்றன. தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. ஒளிப்படத்துக்கு ஜேபெக் போதும், அதில் எனக்கு மறுப்பில்லை. கோட்டுப்படத்துக்கு அது அநியாயம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரைபடம் வரையும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது கோப்புப் பெயரின் பின்னொட்டை பிஎன்ஜியிலிருந்து பிடிஎஃப் என்று மாற்றுங்கள், அது போதும். வரைந்த மூலக் கோப்பையும் அதே அடைவில் வையுங்கள்.